தீவுகளுக்கு இடையிலான நிலம்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தின் உயிரினப் பன்மை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் போகும் சாலையின் இருபுறமும் என்ன இருக்கிறது என்று கேட்டால் கார், லாரி, மோட்டார் சைக்கிள், கண்ணாடி, செல்போன் என்று தொழிற்சாலைக் கணக்குதான் வரும். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியா, 2010இல் ரெனோ–நிசான், பிறகு டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசை நீண்டது. ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம்–வடகால் என்று சிப்காட் வளாகங்கள் அடுத்தடுத்து எழுந்தன. அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் புழங்குகின்றன. தரிசும் முள்ளும் வறண்ட ஏரியும்தான் இருந்தன, இழந்தது ஒன்றுமில்லை என்பது முதல் பதில். பசுங்காடு இருந்தது, அழித்துவிட்டார்கள் என்பது இரண்டாவது. இரண்டுமே அந்த நிலத்தைச் சரியாகப் பார்க்காத பதில்கள். இந்த வட்டாரத்தின் செடிகொடிகளும் பறவைகளும் விலங்குகளும் ஒரே பெருங்காட்டில் வாழ்ந்தவை அல்ல. ஏரி, முட்புதர் மேடு, சிறு காப்புக்காடு, கோயில் தோப்பு என்று துண்டு துண்டான இடங்களில் வாழ்ந்தவை. அத்துண்டுகளில் பெரும்பாலானவை இன்றும் வரைபடத்தில் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே இருந்த நிலம்தான் மாறிவிட்டது. இங்கே நடந்த இழப்பையும் இனி காப்பாற்றக்கூடியதையும் அந்த நடுநிலத்தை வைத்தே கணக்கிட வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

துண்டு நிலங்களில் உயிரினங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்ற ஆராய்ச்சி தீவுகளிலிருந்துதான் தொடங்கியது. ராபர்ட் மக்ஆர்தரும் எட்வர்ட் வில்சனும் 1967இல் வெளியிட்ட தீவு உயிர்ப்புவியியல் கோட்பாடு, ஒரு தீவில் எத்தனை இனங்கள் இருக்கும் என்பதை இரண்டு காரணிகளைக் கொண்டு விளக்கியது. தீவின் பரப்பு ஒன்று, மற்ற நிலத்திலிருந்து அது இருக்கும் தொலைவு மற்றொன்று. சிறிய தீவில் ஒவ்வோர் இனத்துக்கும் ஆள்பலம் குறைவு. ஒரு வறட்சியோ நோயோ வந்தால் இனமே அற்றுப்போகும். தொலைவில் உள்ள தீவுக்குப் புதிதாக வந்து குடியேறுவோரும் குறைவு. அற்றுப்போவதும் வந்து சேர்வதும் ஈடாகும் இடத்தில் இன எண்ணிக்கை நிலைகொள்கிறது. பரப்பு பத்தில் ஒன்றாகச் சுருங்கினால் இனங்கள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்துறையில் நெடுநாள் புழங்கும் உத்தேசக் கணக்கு. பனாமா கால்வாய்க்காக ஆற்றை மறித்து நீர்த்தேக்கம் உண்டாக்கியபோது, 1914 வாக்கில் ஒரு குன்றின் உச்சி பாரோ கொலராடோ என்ற தீவாயிற்று. காட்டுக்கு ஒரு சேதமும் இல்லை, வேட்டையும் தடுக்கப்பட்டது. ஆனாலும் அடுத்த சில பத்தாண்டுகளில் அங்கே கூடு கட்டிய பல பறவை இனங்கள் காணாமல் போயின. எதிர்க்கரைக் காடு சில நூறு மீட்டர் தூரத்தில்தான் இருந்தது. அடர்காட்டின் அடித்தட்டில் வாழ்ந்து பழகிய சிறு பறவைகளால் அந்தத் தண்ணீர்ப் பரப்பைக் கடக்க முடியவில்லை.

ஆனால் இந்தக் கோட்பாட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தொண்டை மண்டலத்தில் வைத்துவிட முடியாது. கடல் எல்லாத் தரைவாழ் உயிருக்கும் பகை. ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவே இங்கே இருந்ததோ பகையற்ற நிலம்: நெல்வயல், வரப்பு, வரத்துக்கால்வாய், மேய்க்கால் புறம்போக்கு, பனை நின்ற கரை, மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றார்கள். மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே வழியும் தண்ணீர் போக்குக்கால்வாயில் ஓடி அடுத்த ஏரிக்கு வரத்தாகும். செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், மணிமங்கலம், தென்னேரி எனச் சிறிதும் பெரிதுமாகப் பல ஏரிகள் இப்படித்தான் தொடர்ந்து வந்தன. இந்த மாவட்டத்திலேயே உள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில், ஏரிக்கென்று தனி வாரியம் இருந்ததைச் சொல்கின்றன. தண்ணீருக்காக வெட்டிய இந்தத் தொடர் உயிரினங்களுக்கும் பாதையாயிற்று. கோடையில் ஏரி வற்றும்போது விராலும் கெளுத்தியும் மடுக்களிலும் சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். ஐப்பசியில் புதுவெள்ளம் வந்ததும் நீரோட்டத்தை எதிர்த்து மீன் ஏறும். ஓர் ஏரி முற்றிலும் வறண்டு மீனற்றுப் போனாலும், அடுத்த மழையில் கால்வாய் வழியே மீன் மீண்டும் குடியேறிவிடும். கோட்பாட்டின் மொழியில் இதுதான் வந்து சேர்தல். கால்வாய் மனைப்பிரிவுக்குள் மூடப்பட்ட பிறகு அந்த ஏரிக்கு மீன் வருவது குத்தகைதாரர் விடும் கட்லா, ரோகு குஞ்சுகளால்தான். ஏரி அங்கேயேதான் இருக்கிறது, நிறையவும் செய்கிறது. ஆனால் அது இப்போது உண்மையிலேயே ஒரு தீவு.

நத்தைகுத்தி நாரையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் நடுநிலத்தின் கணக்கு தெளிவாகும். அதன் மேலலகும் கீழலகும் நுனியில் மட்டும் சேர்ந்து நடுவில் இடைவெளி விட்டு நிற்கும். குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் உண்டாகும். கணுக்காலளவுத் தண்ணீரில் அலகை விட்டுத் துழாவி வயல்நத்தையைப் பிடிக்கும். ஓட்டை உடைக்காது. கீழலகின் கூர்நுனியை நத்தையின் மூடிக்குக் கீழே செலுத்தி, ஓட்டோடு சதையைப் பிணைத்திருக்கும் தசையை அறுத்து, உடலை முழுசாக உருவி எடுக்கும். இந்த வேலைக்கு ஆழமான ஏரி உதவாது. உழுது தண்ணீர் கட்டிய வயலும், ஏரியின் மேட்டுப்பக்க ஓரமும், கால்வாய்ச் சேறும்தான் வேண்டும். கூடு கட்டுவதற்கோ தண்ணீருக்குள் நிற்கும் மரம் வேண்டும். ஆக, கூடு ஓரிடம், சாப்பாடு பல இடம். ஏரியை மட்டும் காப்பாற்றிவிட்டுச் சுற்றியுள்ள வயலைக் கான்கிரீட் தளமாக்கினால், அந்தப் பறவைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பிடுங்கிக்கொண்டதாகத்தான் ஆகும்.

இதற்கு வேடந்தாங்கலைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஒரகடத்துக்குத் தெற்கே, மதுராந்தகம் வட்டத்தில் இருக்கும் அந்த ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். இன்றைய ஒரு பெரிய தொழிற்சாலை வளாகத்தைவிடச் சிறியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், லயோனல் பிளேஸ் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த காலத்தில், பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊர்மக்கள் எழுத்துமூலம் உறுதி வாங்கிக்கொண்டார்கள். பக்தி மட்டும் அதற்குக் காரணமில்லை. எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நீர்க்கடம்பிலும் கருவேலத்திலும் நத்தைகுத்தி, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வக்கா, பாம்புத்தாரா எல்லாம் கூடு கட்டுகின்றன. நல்ல மழை பெய்த ஆண்டில் பல்லாயிரம் பறவைகள் கூடும். அத்தனை வாய்க்கும் அந்த 30 ஹெக்டேரில் இரை கிடையாது. அவை விடியலில் கிளம்பிச் சுற்றுவட்டாரத்தின் ஏரிகளுக்கும் வயல்களுக்கும் போய் மேய்ந்து திரும்புகின்றன. சரணாலயத்தின் எல்லையை ஏரிக்கரையோடு நிறுத்தாமல் 5 கிலோமீட்டர் ஆரத்துக்கு அறிவித்ததன் நியாயம் இதுதான். 2020இல் அந்த 5 கிலோமீட்டரைச் சுருக்கும் முயற்சி எழுந்தபோது பறவையியலாளர்களும் ஊர்க்காரர்களும் எதிர்த்ததற்கும் காரணம் அதே நடுநிலம்தான். 2022இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பட்டியல் ஏரிகளுக்குப் பெயர் தந்தது. அவற்றின் பறவைகளுக்குச் சோறு போடும் பெயரில்லாத வயல்களுக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

ஏரியைப் பற்றியாவது பேச ஆள் உண்டு. முட்புதர் மேட்டுக்கு அதுவும் இல்லை. இவ்வட்டாரத்தின் மேட்டுநிலம் செம்பூராங்கல்லும் சரளையும் கலந்தது. மண் மெலிந்தது, தண்ணீர் நிற்காது. சோழமண்டலக் கரையை ஒட்டி ஒரு தனிவகைக் காடு உண்டு. உயரம் குறைந்து, இலை தடித்து, கோடையிலும் பச்சையாக நிற்கும் உலர் பசுமைமாறாக் காடு. உலக்கைப்பாலை, காசா, வீரை, காட்டெலுமிச்சை போன்றவை அதன் மரங்கள். கோயில் காடுகளிலும் சில காப்புக்காடுகளிலும் அதன் மிச்சம் இருக்கிறது. வெட்டும் மேய்ச்சலும் மிகுந்த இடத்தில் அது களா, சூரை, காரை, விராலி, ஆவாரை, ஈச்சை என்று புதராக நிற்கிறது. ஆனால் புதரெல்லாம் கெட்டுப்போன காடு என்று முடிவு கட்டிவிடக்கூடாது. ஸ்ரீபெரும்புதூருக்கு வடக்கே கொசஸ்தலை ஆற்றுப்படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் சகாக்களும் அகழ்ந்தபோது, பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முந்திய கற்கருவிகளோடு குதிரையின, மாட்டின விலங்குகளின் பற்களும் கிடைத்தன. அவை திறந்த புல்வெளியில் மேயும் பிராணிகள். ஆக, மனிதன் கோடரியால் காட்டைத் திருத்துவதற்கு வெகுகாலம் முன்பே இப்பக்கத்தில் திறந்தவெளி இருந்திருக்கிறது. (இன்னும் பின்னால் போனால் கடலே இருந்தது. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1870களில் ஆராய்ந்த ஸ்ரீபெரும்புதூர்ப் படிவங்களில், பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஈந்துப்பனை போன்ற செடிகளின் இலைத் தடங்களும் கடல் உயிரிகளின் எச்சங்களும் சேர்ந்தே கிடைக்கின்றன. கார்த் தொழிற்சாலையின் அடித்தளத்துக்குக் கீழே இருப்பது ஒரு பழங்கடற்கரை.)

அந்தச் சரளைமேட்டில் ஒன்றுமில்லை என்பவர்கள் ஆள்காட்டிக் குருவியின் கூட்டைத் தேடிப் பார்க்கலாம். தேடினாலும் லேசில் கிடைக்காது. கூடு என்று ஒன்று இல்லாததே காரணம். வெறுந்தரையில் ஒரு சிறு பள்ளம், அதைச் சுற்றிச் சில கூழாங்கற்கள், நடுவே நான்கு முட்டை. மண்ணின் நிறம், சரளையின் புள்ளி. மிதித்த பிறகுதான் முட்டை என்று தெரியும். கோடை வெயிலில் அந்தத் தரை கொதிக்கும். தாய்ப்பறவை அருகிலுள்ள நீருக்குப் பறந்து போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்கார்ந்து குளிர்விக்கும். சரளைமேடு மட்டும் இருந்தாலும் போதாது, ஏரி மட்டும் இருந்தாலும் போதாது. இரண்டும் பறந்து போய்வரும் தூரத்தில் இருக்க வேண்டும், நடுவே எதுவும் மறிக்கக் கூடாது. கவுதாரியும் காடையும் வானம்பாடியும் தரையில்தான் கூடு வைக்கின்றன. காட்டுமுயல், நரி, காட்டுப்பூனை, உடும்பு எல்லாம் புதரில் பதுங்கி வயலில் இரை தேடுபவை. தென்னிந்தியாவில் மட்டுமே வாழும் ஒரு முள்ளெலி இனத்தை அறிவியல் உலகுக்கு 1851இல் விவரித்தது சென்னைப் பகுதியில் கிடைத்த மாதிரியைக் கொண்டுதான். உலகில் வேறெங்கும் இல்லாத பிராணி மேற்குத் தொடர்ச்சி மலையில்தான் இருக்கும் என்பவர்களுக்கு இந்த ஒரு முள்ளெலி போதும். அதன் வீடு புதரும் வரப்பும் கள்ளிவேலியும். ஆனால் மத்திய அரசின் தரிசுநில வரைபடத்தொகுப்பில் 'புதர் உள்ள நிலம்' பயனற்ற நிலவகைகளில் ஒன்றாகவே இடம்பெறுகிறது. பயனற்றது என்று எழுதப்பட்ட நிலத்தை யாருக்கு ஒதுக்கினாலும் கேள்வி எழுவதில்லை.

இந்தப் பார்வைக்கோளாறு நமக்கு மட்டும் உரியதல்ல. மத்திய தரைக்கடல் தீவான கிரீட்டைப் பற்றியும் நூற்றாண்டுக் கணக்கில் இதே கதைதான் சொல்லப்பட்டது. ஆதியில் அடர்ந்த காடு, பிறகு மனிதனும் ஆடும் வந்து தின்று தீர்த்தார்கள், எஞ்சியது முட்புதர் என்பது அந்தக் கதை. சுமார் 8,300 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தத் தீவில் ஏறத்தாழ 1,750 செடியினங்கள் உண்டு. அவற்றில் பத்தில் ஒரு பங்கு வேறெங்கும் இல்லாதவை. ஏ. டி. குரோவும் ஆலிவர் ராக்கமும் 2001இல் எழுதிய நூலில், மத்திய தரைக்கடல் நிலம் பாழ்பட்ட காடு என்ற கருத்தைத் தரவுகளோடு மறுத்தார்கள். அங்கே செடிவளம் மிகுந்திருப்பது அடர்காட்டில் அல்ல. பாறையிடுக்கிலும், ஆடு எட்டாத பள்ளத்தாக்குச் சுவர்களிலும், மிதமாக மேய்ச்சல் நடக்கும் புதர்வெளிகளிலும்தான். மேய்ச்சல் அறவே நின்ற இடங்களில் புதர் மண்டி, வெயில் தேடும் சிறுசெடிகள் மறைந்து, கோடைத்தீயும் பெருகியது. நம்மூர்ச் சரளைமேட்டைக் கிரீட்டின் மலைப்பாறையோடு சமமாக வைக்க வேண்டியதில்லை. அத்தனை தனியினங்கள் இங்கில்லை. ஆனால் மரம் குறைந்தால் உயிரும் குறைவு என்ற கணக்கு அங்கே பொய்த்தது போலவே இங்கும் பொய்க்கிறது.

இந்த நிலத்தின் மதிப்பை ரூபாயில் சொன்னால்தான் ஒப்புவோம் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பாம்புக்கடி மருந்தைப் பார்க்கலாம். 1978இல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து விஷமுறி மருந்து தயாரிப்போருக்குத் தருகிறது. இந்தியாவில் மருந்துக்குப் பயன்படும் நஞ்சில் பெரும்பங்கு இங்கிருந்தே போகிறது. பிடித்த பாம்பைச் சில வாரம் பானையில் வைத்து, நான்கு முறை நஞ்செடுத்து, மீண்டும் வெளியில் விட்டுவிடுவது அவர்கள் வழக்கம். அந்தப் பாம்புகள் எந்தச் சரணாலயத்திலும் பிடிபடுபவை அல்ல. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் வயல்வரப்பிலும் எலிவளையிலும் கறையான் புற்றிலும் புதரோரத்திலும் கிடைப்பவை. தடம் பார்த்து வளையின் வாயில் எந்தப் பாம்பு போனது என்று சொல்லும் இருளர்களின் அறிவும் அந்த நடுநிலத்தில்தான் வளர்ந்தது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவர்களின் தொழிற்களமான புதரும் வரப்பும் தரிசுப் பட்டியலிலேயே தொடர்கின்றன.

சரி, தீவுகளையாவது வேலி போட்டுப் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதாதா? கிண்டி தேசியப் பூங்கா இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருக்கிறது. 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பு, 1978இல் தேசியப் பூங்கா அறிவிப்பு, சுற்றிலும் மதில், பெருநகரின் நடுவே இருந்தாலும் 350க்கும் மேற்பட்ட செடியினங்கள். நம் நாட்டில் இதைவிடப் பத்திரமான சிறுகாடு அரிது. ஆனால் அங்குள்ள வெளிமானுக்கு வேண்டியது திறந்த புல்வெளி. எதிரியைத் தூரத்திலேயே பார்த்து ஓடிப் பிழைக்கும் பிராணி அது. புல்வெளிகளில் மரமும் புதரும் ஏறியதால் அதற்கான இடம் சுருங்கியது. புள்ளிமான் பெருகி மேய்ச்சலுக்கு வேறு போட்டி. பெரிய நிலப்பரப்பில் ஓரிடம் மூடினால் வெளிமான் வேறிடம் போய்விடும், மூடிய இடத்தைத் தீயோ மேய்ச்சலோ மறுபடி திறக்கும். மதிலுக்குள் அந்த மாற்றம் நடக்க வழியில்லை. நன்மங்கலம் காப்புக்காட்டில் கைவிடப்பட்ட கல்குவாரிச் சுவரில் கொம்பன் ஆந்தை குடியிருப்பதைப் பறவை பார்ப்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைதான். ஆனால் அந்த ஆந்தைக் குஞ்சு வளர்ந்து தனியே பிரியும்போது எந்தத் திசையில் போகும்? சுற்றிலும் அடுக்குமாடி. வண்டலூர் தொடங்கி ஒரகடம் வரை சிதறிக் கிடக்கும் காப்புக்காடுகளும் மெல்ல மெல்ல அந்த நிலைக்குத்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

தொழில் தரப்பிலிருந்து வரும் முதல் மறுப்பு பசுமைவளையம். சுற்றுச்சூழல் அனுமதியில் வளாகப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைப் பசுமையாக வைக்கும் நிபந்தனை வழக்கமாக விதிக்கப்படுகிறது. பல ஆலைகள் அதை ஒழுங்காகச் செய்கின்றன, மரங்களின் எண்ணிக்கையை அறிக்கையில் போடுகின்றன. முன்பு புதராக இருந்த இடத்தில் இப்போது ஆயிரக்கணக்கில் மரம் நிற்கும்போது இயற்கை கூடியிருக்கிறது என்றுதானே பொருள் என்று கேட்கிறார்கள். மரத்தின் பயனை மறுக்க வேண்டியதில்லை. தூசி அடங்குகிறது, நிழல் கிடைக்கிறது, தொழிலாளிக்குக் கொஞ்சம் குளுமை. ஆனால் வரிசையாக நட்ட நெட்டிலிங்கத்துக்கும் நீர்தெளித்து வளர்க்கும் புல்தரைக்கும் வருவது காகம், மைனா, மாடப்புறா, அணில். எங்கே விட்டாலும் பிழைக்கும் கூட்டம் அது. ஆள்காட்டி, கவுதாரி, முள்ளெலி, வானம்பாடி ஆகியவற்றுக்கு அந்த வளாகம் கடல்தான். மதில் ஒன்றே போதும்: பத்தடி உயர மதில் அரை கிலோமீட்டர் நீண்டால் உடும்புக்கும் முயலுக்கும் நரிக்கும் வழி அடைபட்டுவிடும். மரத்தை எண்ணுவது எளிது, வழியை எண்ணுவது கடினம். அதனால் எளிதானதை எண்ணி அறிக்கை எழுதுகிறோம்.

இரண்டாவது மறுப்புக்கு வலு அதிகம். இன்றும் ஒரகடம் பக்கம் இரவில் நரி ஊளை கேட்கிறது, மயில் முன்பைவிடக் கூடியிருக்கிறது, ஏரிகளில் கூழைக்கடா இறங்குகிறது, பிறகென்ன இழப்பு? இதற்கு இரண்டு பதில். ஒன்று, தொழிற்பேட்டையைச் சுற்றி விற்கப்பட்டு, மனைக்கல் நடப்பட்டு, பயிரும் வைக்காமல் கட்டடமும் எழுப்பாமல் கிடக்கும் நிலம் ஏராளம். அதில் சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டிலிருந்து விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட அந்த மரத்தை நீதிமன்றமும் அரசும் பகையாக அறிவித்துவிட்டன. அயல் தாவரங்களை அகற்ற 2022இல் தனிக் கொள்கையே வந்தது. ஏரிக்குள் அது செய்யும் கேடு உண்மை. ஆனால் இன்றைய நரியும் முயலும் காட்டுப்பூனையும் பகலில் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அந்த முட்காட்டில்தான். நிலவிலை ஏறக் காத்திருக்கும் ஒருவரின் பொறுமை தற்காலிகமாக ஒரு காப்பிடமாகியிருக்கிறது, விலை ஏறிய அன்று அதுவும் முடியும். இரண்டாவது பதில், இழப்பு உடனே தெரியாது. துண்டாக்கப்பட்ட நிலத்தில் நீண்ட ஆயுளுள்ள உயிர்கள் பல ஆண்டு தாக்குப்பிடிக்கும். குடியேற்றம் நின்றுவிட்ட பிறகும் இருக்கும் சிலவே கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். சூழலியலாளர்கள் இதை அழிவுக்கடன் என்கிறார்கள். வட்டி கட்டும் தேதி வராததால் கடனே இல்லை என்று சொல்ல முடியாது.

வேலை வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. வேண்டும். இந்த ஆலைகளை நம்பி லட்சக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன, மானாவாரி வேளாண்மை பலருக்குச் சோறு போடவில்லை என்பதும் மெய். வேளாண்மையும் பூச்சிமருந்தால் வயல்நத்தையையும் தவளையையும் குறைத்திருக்கிறது. பழைய நிலத்தைப் புனிதமாக்கிப் பேச இடமில்லை. ஆனால் ஆலையும் வழியும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுபவை அல்ல. வரத்துக்கால்வாய், ஓடை, வண்டிப்பாதைப் புறம்போக்கு ஆகியவை நீளமானவை, அகலம் குறைந்தவை. அவற்றை அவற்றின் போக்கிலேயே விட்டுக் கட்டடத்தைத் திட்டமிட்டால் ஆலைக்குப் போகும் பரப்பு சொற்பம். அந்த வழிகளை நகர்த்தினால் மனிதருக்கும் கேடு வரும். அடையாறு தொடங்குவது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளில்தான். 2015 வெள்ளம் என்றால், டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததை மட்டும் பேசுகிறோம். ஏரிக்குக் கீழே பெய்த மழையும் மேல் ஏரிகளின் உபரியும் போக்குக்கால்வாய் இல்லாமல் குடியிருப்புகளில் பாய்ந்ததைக் குறைவாகவே பேசுகிறோம். மீன் ஏறும் வழியும் வெள்ளம் இறங்கும் வழியும் ஒன்றே.

சட்டம் இந்த வழிகளை ஒருபக்கம் காக்கிறது, மறுபக்கம் திறந்துவிடுகிறது. ஊர்ப்பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை முறைப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் கண்டிப்பாகச் சொன்னது. ஏரிகளைக் காக்க 2007இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே வந்தது. ஆனால் 2023இல் நிறைவேறிய சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்காக, நீர்நிலையும் ஓடையும் அடங்கிய அரசு நிலத்தைத் திட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ள வழி செய்கிறது. தண்ணீரின் கொள்ளளவு குறையக் கூடாது என்பதுதான் அங்கே அளவுகோல். கொள்ளளவு குறையாமலேயே ஓர் ஏரியைத் தீவாக்கிவிடலாம். கரையைக் கல்வைத்துக் கட்டி, சரிவோரத்தை வெட்டி ஆழப்படுத்தி, வரத்துக்குக் குழாய் போட்டால் கணக்கில் தண்ணீர் அப்படியே இருக்கும். நாரை நிற்க ஓரம் இருக்காது, மீன் ஏற வழி இருக்காது. 2022இல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையத் திட்டம் 13 கிராமங்களைத் தொடுகிறது. ஏகனாபுரத்து மக்கள் தங்கள் ஏரிகளையும் வயல்களையும் முன்வைத்தே போராடி வருகிறார்கள். பறவைகள் விமானத்தில் மோதும் ஆபத்து பற்றிய அக்கறை திட்ட ஆவணங்களில் வரும். அந்தப் பறவைகள் இனி எங்கே மேயும் என்பதுதான் கேட்கப்பட வேண்டிய முதல் கேள்வி.

இனி அமையும் வளாகங்களில் செய்யக்கூடியவை கடினமானவையும் அல்ல. நிலம் ஒதுக்குவதற்கு முன் கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் உயிரினக் கணக்கு எடுக்க வேண்டும். ஒரே பருவத்தில் எடுத்தால் வற்றிய ஏரியோ வலசைப் பறவையோ விடுபட்டுப் போகும். மூன்றில் ஒரு பங்கு பசுமையில் ஒரு பகுதியை நடாமல், வெட்டாமல், சரளையும் புதருமாகவே ஓடையோரம் ஒதுக்கலாம், செலவும் மிச்சம். அடுத்தடுத்த ஆலைகளின் ஒதுக்கிடங்கள் ஒன்றோடொன்று தொடுமாறு சிப்காட் மனைப்படத்திலேயே கோடு போட்டுவிடலாம். சாலைக்குக் கீழே தண்ணீர்க்குழாய் போடும் இடத்தில் ஓர் உடும்பு நடந்துபோகும் அகலத்துக்குப் பாலம் போடலாம். இவற்றில் எதற்கும் புதுச்சட்டம் தேவையில்லை.

2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் ஒரு மேலாண்மைக் குழுவும், அவ்வூர்ச் செடி, பிராணி, நீர்நிலை, வழக்கறிவு அனைத்தையும் எழுதிய மக்கள் பதிவேடும் இருக்க வேண்டும். பல ஊர்களில் அது யாரோ நிரப்பிக் கொடுத்த படிவமாக முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர், வாலாஜாபாத் பகுதி வாசகர்கள் அடுத்த கூட்டத்தில் உங்கள் ஊராட்சியின் பதிவேட்டைக் கேளுங்கள். அதில் ஏரி இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். வரத்துக்கால்வாயும் மேய்க்கால் மேடும் சர்வே எண்ணோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், இருளர் வீடுகளில் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களை உட்காரவைத்து எழுதிச் சேருங்கள்.